பழைய கேசட், சி.டி., எம்பி3 பாட்டுகளை வீட்டுக் கணினியில் ஒழுங்குபடுத்தி டேக் போடுவது எப்படி?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது: கும்பகோணத்து வீட்டில் ஒரு கணினி. அதில் அப்பா காலத்துக் கேசட்டிலிருந்து மாற்றிய நாகஸ்வரமும் கச்சேரிகளும், சி.டி.யிலிருந்து இறக்கிய தேவாரம், பல கை மாறி வந்த சினிமாப் பாட்டு என எட்டாயிரத்துச் சொச்சம் ஃபைல். பாதிக்கு ‘ட்ராக் 01’ என்றுதான் பெயர். மீதியில் தமிழ் எழுத்து சிதைந்து கிடக்கிறது. எந்த சாஃப்ட்வேர் போடலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

சாஃப்ட்வேரைப் பிறகு பார்ப்போம். டேக் என்பது பாட்டின் பெயர், பாடியவர் போன்ற விவரங்களை ஃபைலுக்குள்ளேயே தனித்தனிக் கட்டங்களில் எழுதிவைப்பது. எந்தப் பெயர் எந்தக் கட்டத்தில் போகும், அந்தப் பெயரை எப்படி எழுதுவது, இந்த இரண்டையும் முதலில் ஒரு தாளில் எழுதி முடிவு செய்யுங்கள். அது இல்லாமல் ஆரம்பித்தால் எவ்வளவு நல்ல சாஃப்ட்வேரும் உங்கள் குழப்பத்தை அப்படியே எட்டாயிரம் ஃபைலில் எழுதிவைக்கும்.

அதற்கும் முன்னால், மொத்தத்தையும் ஒரு வெளி ஹார்டுடிஸ்கில் அப்படியே நகல் எடுத்து ஓரமாக வைத்துவிடுங்கள். டேக் எழுதுவது ஃபைலுக்குள் கை வைக்கும் வேலை. எம்பி3-யில் டேக் ஃபைலின் தலைப்பகுதியில் இருக்கிறது. அங்கே விட்டுவைத்த காலி இடத்துக்குள் புதிய டேக் அடங்காவிட்டால் முழு ஃபைலையும் திரும்ப எழுத வேண்டிவரும். அந்த நேரத்தில் கரண்ட் போனால் ஃபைல் கெட்டுப்போகலாம். ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கத்துக் கரண்ட்டை நம்பி யூ.பி.எஸ். இல்லாத கணினியில் ஆயிரம் ஃபைலை ஒரே அடியாக மாற்ற வேண்டாம். லேப்டாப் என்றால் பேட்டரி நிறைந்திருக்கும்போது செய்யுங்கள்.

இனி கட்டங்கள். சினிமாப் பாட்டு சுலபம். ஆல்பம் என்பது படத்தின் பெயர், ஆர்ட்டிஸ்ட் பாடியவர்கள், கம்போசர் இசையமைப்பாளர், லிரிசிஸ்ட் பாடலாசிரியர். ஒரே படத்தின் ஆறு பாட்டு ஆறு ஆல்பமாகச் சிதறிக் கிடப்பதற்குப் பெரும்பாலும் ‘ஆல்பம் ஆர்ட்டிஸ்ட்’ கட்டம் காலியாக இருப்பதே காரணம். ஒவ்வொரு பாட்டையும் வெவ்வேறு பேர் பாடியிருப்பதால் பிளேயர் அவற்றைத் தனித்தனி ஆல்பமாக எடுத்துக்கொள்கிறது. அந்தக் கட்டத்தில் எல்லாப் பாட்டுக்கும் இசையமைப்பாளர் பெயரையே போட்டுவிட்டால் ஒன்றாகிவிடும். ஒரே பெயரில் இரண்டு படம் வந்திருந்தால் ஆல்பம் பெயரோடு ஆண்டையும் சேர்த்து எழுதுங்கள். ஆண்டு என்பது படம் வந்த ஆண்டு. சி.டி. உறையில் இருக்கும் ஆண்டு அந்த சி.டி.க்கு மட்டும்தான் பொருந்தும்.

கச்சேரிக்கு இந்த வகுப்பு பொருந்தாது. கச்சேரியில் ஆல்பம் என்பது அந்தக் கச்சேரியேதான். ‘திருவையாறு 1984’ என்று ஊரும் ஆண்டும் போட்டால் போதும். ஆர்ட்டிஸ்ட் பிரதானக் கலைஞர், கம்போசர் வாக்கேயக்காரர், அதாவது பாட்டை இயற்றி இசையமைத்தவர். ராகம், தாளம், பக்கவாத்தியம் மூன்றுக்கும் தனிக் கட்டம் உருவாக்குங்கள். ராகத்தைத் தலைப்போடு ஒட்டி எழுதுவதும், ‘ஜானர்’ கட்டத்தில் போடுவதும் பரவலாக நடக்கிறது. இரண்டையும் நான் பரிந்துரைக்க மாட்டேன். ஜானரில் ‘கர்நாடகம்’, ‘நாகஸ்வரம்’, ‘தேவாரம்’, ‘சினிமா’ என்று நான்கைந்து வகைதான் இருக்க வேண்டும். ராகம் தனிக் கட்டத்தில் இருந்தால்தான் வீட்டில் இருக்கும் தோடி அத்தனையும் ஒரே சொடுக்கில் வரிசையாக வரும். இரண்டு மூன்று ராகங்கள் வந்தால் ‘ராகமாலிகை’ என்று மட்டும் எழுதுங்கள். தாளம் தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். காலிக் கட்டத்தைப் பின்னால் தேடி நிரப்பலாம், ஊகித்து எழுதியதை யாரும் தேடிப்போய்த் திருத்துவதில்லை.

நாகஸ்வரத்தில் தவில் வித்வானின் பெயரைக் கட்டாயம் சேருங்கள். கேசட் உறையில் பல நேரம் அது இருக்காது. கோயில் உற்சவத்தில் பதிந்த கேசட்டுக்கு உறையே இருக்காது. கேட்டு அடையாளம் சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டிலோ தெருவிலோ இருந்தால் மற்ற வேலைகளை ஒத்திவைத்துவிட்டு முதலில் அவர்களோடு உட்கார்ந்து இந்தக் கட்டத்தை நிரப்புங்கள். எழுத்துப் பிழையை அடுத்த வருஷமும் திருத்தலாம். இந்தத் தகவல் அப்படிக் காத்திருக்காது.

பெயர் எழுதுவதில் நம் ஊர்க் கலைஞர்களுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. டி.என்.ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) ஒருவரே ‘டி.என்.ஆர்.’ என்றும், ‘திருவாவடுதுறை ராஜரத்தினம்’ என்றும், ஆங்கிலத்தில் நாலு விதமாகவும் உங்கள் கணினியில் இருப்பார். பிளேயருக்கு அவர்கள் ஆறு பேர். ஒரு வடிவத்தைத் தேர்ந்துகொண்டு மாறாமல் எழுதுங்கள். திருவாவடுதுறை, திருவிடைமருதூர், திருவீழிமிழலை என்று ஊர்ப் பெயரில் தொடங்கினால் எல்லோரும் ‘தி’ வரிசையில் குவிந்துவிடுவார்கள். அதற்கு ‘ஆர்ட்டிஸ்ட் சார்ட்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் ‘ராஜரத்தினம் பிள்ளை’ என்று எழுதினால் திரையில் முழுப்பெயர் தெரியும், வரிசை மட்டும் ‘ரா’வில் அமையும். அவருடைய இசைத்தட்டுகளிலிருந்து வந்தவை மூன்று நிமிடத்துச் சொச்சத்தில் அறுந்து நின்றால் ஃபைல் கெட்டுவிட்டது என்று அழித்துவிடாதீர்கள். 78 சுழற்சித் தட்டின் ஒரு பக்கம் அவ்வளவுதான். பக்கம் 1, பக்கம் 2 என்று அடுத்தடுத்த எண் கொடுங்கள்.

தேவாரத்துக்குக் கம்போசர் சம்பந்தர், அப்பர், சுந்தரர். ஆர்ட்டிஸ்ட் ஓதுவார். தலம், பண் இரண்டுக்கும் தனிக் கட்டம். முதல் மூன்று திருமுறை சம்பந்தர், அடுத்த மூன்று அப்பர், ஏழாவது சுந்தரர் என்பதால் தலைப்பின் முன்னால் திருமுறை எண்ணும் பதிக எண்ணும் போட்டால் (1.001 என்பது போல) வரிசை தானாக அமையும். ‘குரூப்பிங்’ கட்டத்தில் ‘காவிரி வடகரை’, ‘காவிரி தென்கரை’ என்று எழுதிப் பாருங்கள். பாடல் பெற்ற தலங்களில் வடகரை 63, தென்கரை 127. எந்தத் தலத்துப் பதிகம் இன்னும் உங்களிடம் இல்லை என்பது பட்டியலிலேயே தெரிந்துவிடும்.

தமிழில் டேக் போடும்போது ரொம்பப் படுத்துவது, பார்க்க ஒன்றாகவும் கணினிக்கு வேறாகவும் இருக்கும் எழுத்துகள். கௌளை ராகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ககரத்தை அடுத்து ‘ௌ’ என்ற ஒற்றைக் குறி வர வேண்டும். பலர் ‘கெ’ அடித்து, பிறகு ‘ள’ அடித்து, அதன்பின் ‘ளை’ அடிக்கிறார்கள். திரையில் வித்தியாசம் தெரியாது, தேடினால் ஒன்று வரும், மற்றது வராது. ஸ்ரீ ராகத்திலும் இதே கதை. ஸகரத்தில் தொடங்கும் ஸ்ரீ ஒன்று, 2005-இல் யூனிகோட் 4.1 பதிப்பில் சேர்ந்த ஶகரத்தில் தொடங்கும் ஶ்ரீ இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே உருவம். நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று பஞ்சரத்தினத்தின் ஐந்து ராகத்தில் இரண்டு இப்படிச் சிக்குகின்றன. கண்டுபிடிக்க வழி: ராகம் என்ற பத்தியின் தலைப்பைச் சொடுக்கி வரிசைப்படுத்துங்கள். ஒரே பெயர் இரண்டு இடத்தில் தனித்தனிக் கொத்தாக நின்றால் அதுதான் கோளாறு. இரண்டு கொத்தையும் தேர்வு செய்து, சரியான ஒன்றை நகலெடுத்து மேலே ஒட்டிச் சேமியுங்கள்.

இப்போது சாஃப்ட்வேர். விண்டோஸில் இலவசமாகக் கிடைக்கும் எம்பி3டேக் போதும். முதலில் ‘ஆப்ஷன்ஸ்’ போய் ‘டேக்ஸ்’, அதற்குள் ‘எம்பெக்’. எழுதும் வகையாக ஐடி3வி2.3, யூ.டி.எஃப்-16 என்பதைத் தேர்ந்தெடுங்கள். 2.4 புதியதுதான், ஆனால் பழைய பிளேயர்களும் கார் ஸ்டீரியோக்களும் 2.3-ஐத்தான் ஒழுங்காகப் படிக்கின்றன. ஐடி3வி1 எழுதுவதை நிறுத்திவிடுங்கள். அது ஃபைலின் கடைசி 128 பைட்டில் உட்காரும் பழைய டேக். தலைப்புக்கு 30 பைட், கலைஞருக்கு 30 பைட், அவ்வளவே. யூ.டி.எஃப்-8-இல் ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று பைட் ஆகும். அப்படி எழுதினால் பத்துக் குறிதான் பிடிக்கும். ‘திருவாவடுதுறை’ அதில் ‘திருவாவடுத’ என்று நின்றுவிடும்.

ஃபைல் பெயரில் ஏற்கெனவே தகவல் இருந்தால் திரும்ப அடிக்க வேண்டாம். தேர்வு செய்து ஆல்ட்-2 அழுத்தினால் ஃபைல் பெயரிலிருந்து டேக் நிரம்பும். ஆல்ட்-1 இதற்கு நேர் எதிர், டேக்கிலிருந்து ஃபைல் பெயர். ஒவ்வொரு கட்டத்தின் பெயரையும் இரு பக்கமும் சதவீதக் குறிக்குள் வைத்து, நடுவில் கோடு போட்டு வடிவம் சொல்ல வேண்டும் (%artist% - %title% என்பது போல). மாற்றுமுன் கீழே முன்னோட்டம் காட்டும், அதைப் படித்துவிட்டு ஓகே கொடுங்கள். ராகம், தாளம் மாதிரியான சொந்தக் கட்டங்களை ஆல்ட்-டி (Alt+T) அழுத்தி வரும் பெட்டியில் சேர்க்கலாம். கேட்பதற்கு மியூசிக்பீ, ஃபூபார்2000 இரண்டிலும் இந்தச் சொந்தக் கட்டங்களைப் பத்தியாகக் காட்டலாம். ஃபோனில் எல்லா ஆப்பும் காட்டாது.

எத்தனை தடவை திருத்தினாலும் சில பிளேயரில் பழைய பெயரே வருகிறதா? ஃபைலில் ஏப் (APE) வகை டேக் ஒன்று மறைந்திருக்கும். அதே எம்பெக் பக்கத்தில் ‘ரிமூவ்’ என்ற பகுதியில் ஏப், ஐடி3வி1 இரண்டை மட்டும் டிக் செய்து, ஐடி3வி2-வை விட்டுவிட்டு, டேக் நீக்கும் பட்டனை அழுத்துங்கள். பிரச்சினை அதோடு தீரும்.

சிதைந்த தமிழ் இரண்டு வகை. பின்னக் குறிகளும் கொம்பு முளைத்த ஐரோப்பிய எழுத்துகளுமாக இருந்தால் அது யூனிகோடுக்கு முந்தைய தமிழ்க் குறியாக்கங்களான டிஸ்கி அல்லது டேப். வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் பொருளில்லாமல் கலந்திருந்தால் பாமினி என்ற பழைய எழுத்துரு. இரண்டும் தொலைந்த தகவல் இல்லை, மீட்டுவிடலாம். எம்பி3டேக்கிலிருந்து தலைப்புகளை ஒரு டெக்ஸ்ட் ஃபைலாக ஏற்றுமதி செய்து, என்.எச்.எம். கன்வர்ட்டர் என்ற நிரலில் யூனிகோடாக மாற்றி, ‘டெக்ஸ்ட் ஃபைல் - டேக்’ வழியாகத் திரும்ப ஏற்றுங்கள். வரி வரிசையும் ஃபைல் வரிசையும் அடி பிசகாமல் ஒன்றாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு வரி விட்டுப்போனால் அதற்குப் பிறகு எல்லாப் பாட்டும் ஒரு வீடு தள்ளிக் குடியேறிவிடும். ஆகவே ஃபோல்டர் ஃபோல்டராகச் செய்யுங்கள்.

தானாக டேக் போடும் பிகார்ட் என்ற நிரல், பாட்டைக் கேட்டே மியூசிக்பிரைன்ஸ் என்ற இணையத் தகவல் தளத்தின் துணையோடு அடையாளம் காணும். சினிமா சி.டி.க்கு நன்றாக வேலை செய்கிறது. பார்சிலோனாவின் பாம்பேயு ஃபாப்ரா பல்கலைக்கழகத்தார் காம்ப்மியூசிக் திட்டத்தில் கர்நாடக இசைத்தட்டுகளின் விவரங்களையும் மியூசிக்பிரைன்ஸில் ராகம், தாளத்தோடு ஏற்றியிருக்கிறார்கள் என்பதால் வெளியான கச்சேரி சி.டி.களுக்கும் ஓரளவு கிடைக்கும். கோயிலில் பதிந்த கேசட்டுக்குப் பிரயோசனமில்லை. எட்டாயிரத்தையும் ஒரே மூச்சில் அதில் போட்டு ‘சேவ்’ கொடுக்கவே கூடாது.

கேசட் இன்னும் மாற்ற பாக்கியிருந்தால்: நாடாவில் வெள்ளைப் பூஞ்சை தெரிந்தால் சுத்தம் செய்யாமல் ஓட்டாதீர்கள், டெக்கின் ஹெட்டும் அழுக்காகி அடுத்த கேசட்டுக்கும் பரவும். ஆடாசிட்டியில் 44,100 ஹெர்ட்ஸ், ஸ்டீரியோ, உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் பதியுங்கள். 16 பிட் வேவ் நிமிடத்துக்குச் சுமார் 10 எம்.பி. ஆகும், ஒரு மணி நேரக் கேசட் 600 எம்.பி. அதை ஃப்ளாக் ஆக்கினால் ஏறக்குறைய பாதி இடம், தரம் குறையாது, டேக்கும் ஒழுங்காக நிற்கும். ஆலாபனை, கிருதி, ஸ்வரம் மூன்றையும் ஒரே ட்ராக்காக விடுங்கள், தனி ஆவர்த்தனத்தை மட்டும் பிரிக்கலாம். எம்பி3-யில் பிரித்தால் இணைப்பில் நொடிப்பொழுது வெட்டு கேட்கும், ஃப்ளாக்கில் கேட்காது. கையில் உள்ள 128 கே.பி.பி.எஸ். எம்பி3-ஐ 320 ஆகவோ ஃப்ளாக் ஆகவோ மாற்றிப் பயனில்லை, போன ஒலி திரும்பாது. யாரோ அப்படி ஏற்கெனவே ஊதிப் பெருக்கியதா என்று ஸ்பெக் என்ற சின்ன நிரலில் பார்க்கலாம். 16,000 ஹெர்ட்ஸ் பக்கம் கத்தியால் வெட்டினது போல நின்றால் பெரும்பாலும் அதுதான்.

அட்டைப்படம் 600 பிக்சல் ஜேபெக் போதும். மூன்று எம்.பி. படத்தை ஒவ்வொரு பாட்டுக்குள்ளும் திணித்தால் டிஸ்கும் வீண், கார் ஸ்டீரியோவும் திணறும்.

காருக்குத் தனிப் பென்டிரைவ் வைத்துக்கொள்ளுங்கள். ஃபேட்32 ஃபார்மேட். தமிழ் எழுத்து பல ஸ்டீரியோவில் வெறும் கட்டமாகத்தான் தெரியும். அந்த நகலில் மட்டும் டேக்கை முழுக்க நீக்கிவிட்டு ஃபைல் பெயரை ஆங்கில எழுத்தில் வைத்தால் ஸ்டீரியோ ஃபைல் பெயரையே காட்டும். சில ஸ்டீரியோக்கள் பெயர் வரிசையைப் பார்க்காமல் நகலெடுத்த வரிசையில் பாடும். அப்போது ஃபோல்டர்களை மொத்தமாக இழுத்துப் போடாமல், 01, 02 என்று எண்ணிட்டு, ஒன்று முடிந்தபின் அடுத்ததாக நகலெடுங்கள்.