கார்பெட் கதைகளில் வரும் இடங்கள் எந்த மண்டலத்தில்?

உத்தராகண்டின் ராம்நகரில் இரண்டு நாள் தங்கப் போகிறேன், ஆட்கொல்லி விலங்குகளைச் சுட்டு அந்தக் கதைகளை எழுதிய ஜிம் கார்பெட் புலி வேட்டையாடிய இடங்களைப் பார்க்க கார்பெட் தேசியப் பூங்காவின் எந்த மண்டலத்தில் சஃபாரி எடுக்கலாம் என்று கேட்டிருந்தீர்கள். சஃபாரி எடுங்கள், ஆனால் அந்தக் கதைகளுக்காக எடுக்காதீர்கள். புகழ்பெற்ற வேட்டைகளில் பெரும்பாலானவை பூங்காவுக்கு வெளியே நடந்தவை. 1907இல் அவர் சுட்ட சம்பாவத் பெண்புலி, நேபாள எல்லைப் பக்கம். 1926இல் வீழ்ந்த ருத்ரப்ரயாக் சிறுத்தை, அலக்நந்தாவும் மந்தாகினியும் கூடும் இடத்தைச் சுற்றி. இரண்டுமே ராம்நகரிலிருந்து நீண்ட மலைப்பயணம். விதிவிலக்காக, மோகன் என்ற ஊரின் ஆட்கொல்லிப் புலி திரிந்த பகுதி பூங்காவின் விளிம்பிலேயே, ராணிகேத் சாலையில் இருக்கிறது.

உண்மையில் அந்தப் பூங்கா 1936இல் ஹெய்லி தேசியப் பூங்காவாகத்தான் தொடங்கியது. கார்பெட்டின் பெயர் வந்தது 1955இல் அவர் கென்யாவில் இறந்த பிறகு.

எனக்கென்றால் ஒரு காலைப் பொழுதைக் காலாதூங்கிக்கு ஒதுக்குவேன். ராம்நகரிலிருந்து நைனிதால் சாலையில் சுமார் 30 கிலோமீட்டர். அவருடைய குளிர்கால வீடு இப்போது அருங்காட்சியகம். பக்கத்தில் சோட்டி ஹல்த்வானி என்று அவர் குடியமர்த்திய கிராமம். பயிரைக் காட்டு விலங்குகளிடமிருந்து காக்க அவர் கட்டிய கல்மதிலையும் பார்க்கலாம். போகுமுன் அவர் எழுதிய ‘ஜங்கிள் லோர்’ படித்துவிடுங்கள். அவர் சிறுவனாகக் காட்டைக் கற்றுக்கொண்ட இடம் இதுதான். வேட்டைக் கதைகளைவிட எனக்கு அந்தப் புத்தகம்தான் பிடிக்கும்.

அப்புறம், 1948இல் வந்த ஹாலிவுட் படத்தைத் தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். ‘மேன்ஈட்டர் ஆஃப் குமாவோன்’ என்று கார்பெட் புத்தகத்தின் பெயர் மட்டும்தான், கதை அவருடையது அல்ல.