ஆங்கிலத்தில் ‘தி ஹவுஸ் விச் வாஸ் பில்ட்’ என்பதில் ‘விச் வாஸ்’ எப்போது வேண்டும், எப்போது விடலாம்?

கேள்வியைப் பார்த்தால் பாங்க் பரீட்சைக்கோ டிஎன்பிஎஸ்சிக்கோ படிக்கிறவர் மாதிரி தெரிகிறது. ‘பாசிவ் (செயப்பாட்டு வினை) வந்தால் வாஸ், வேர் போடு’ என்று கோச்சிங்கில் ஒரே வரியில் முடித்திருப்பார்கள். அந்த ஒரு வரியால் எங்கள் காரைக்குடிப் பக்கம் கெட்டுப்போன போர்டுகளை நான் பார்த்திருக்கிறேன்.

நாம் ‘கட்டின கொத்தனார்’ என்கிறோம், ‘கட்டின வீடு’ என்கிறோம், ‘கட்டின வருஷம்’ என்றும் சொல்கிறோம். கொத்தனார் கட்டியவர், வீடு கட்டப்பட்டது. ஆனாலும் ‘கட்டின’ அப்படியே நிற்கிறது. செய்பவன், கருவி, நிலம், செயல், காலம், செய்பொருள் என்று ஆறு வகைப் பெயரையும் ‘கட்டின’ மாதிரியான பெயரெச்சம் ஏற்கும் என்று நன்னூலே சொல்லிவிட்டது. ‘ஐயாவால் கட்டப்பட்ட வீடு’ என்று எந்த ஆச்சியும் பேசி நான் கேட்டதில்லை. ஆங்கிலத்தில் இந்தச் சலுகை கிடையாது. கொத்தனார் என்றால் ‘தி மேசன் ஹூ பில்ட் இட்’, வீடு என்றால் ‘தி ஹவுஸ் விச் வாஸ் பில்ட்’, வருஷம் என்றால் ‘தி இயர் இன் விச் இட் வாஸ் பில்ட்’.

இப்போது உங்கள் கேள்வி. ‘விச்’, ‘வாஸ்’ இரண்டையும் ஒன்றாக விட்டுவிடலாம்: ‘தி ஹவுஸ் பில்ட் இன் 1912’. ‘விச்’சை மட்டும் விட்டால், ‘தி ஹவுஸ் வாஸ் பில்ட் இன் 1912 ஹாஸ் எ பிக் ஹால்’ என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு வினைமுற்று வந்து முட்டிக்கொள்ளும். ‘தி ஹவுஸ் மை கிராண்ட்ஃபாதர் பில்ட்’ சரிதானே என்பீர்கள். சரிதான். அங்கே எழுவாய் தாத்தா, ‘விச்’ வெறும் செயப்படுபொருள். பாசிவில் ‘விச்’தான் எழுவாய், அதை மட்டும் தனியாக விட முடியாது.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு பழைய வீட்டை விடுதி ஆக்கினார்கள். வருகிற வெளிநாட்டுக்காரர்களுக்காக முகப்பு, வளவு, பட்டாலை என்று வீட்டின் பகுதிகள் எல்லாவற்றுக்கும் ஆங்கிலப் போர்டு வேண்டும் என்று, டியூஷன் எடுக்கிறவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். வளவுத் தூண்களுக்கு ‘பில்லர்ஸ் மேட் ஆஃப் டீக் பிராட் ஃப்ரம் பர்மா’ என்று எழுதிக் கொடுத்தேன். அந்த வீட்டு மாப்பிள்ளை பெரிய வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, “தம்பி, பாசிவுக்கு வேர் எங்கே?” என்றார். “‘விச் வேர்’ என்று சேர்த்துப் போட்டாலும் சரி, இரண்டையும் விட்டாலும் சரிங்க” என்றேன். பெயிண்டர் வந்த அன்று நான் அங்கே இல்லை. அப்புறம் போய்ப் பார்த்தால், கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்தில் ‘டீக் விச் வேர் கேம் ஃப்ரம் பர்மா’. ஒரு வெள்ளைக்கார அம்மா அதைப் படம் வேறு எடுத்துக்கொண்டிருந்தார். அந்தப் பெரியவரைக் குத்திக்காட்ட இதைச் சொல்லவில்லை. கணக்கில் அவர் புலி.

‘கேம்’ என்றால் ‘வந்தது’. ‘எதை வந்தது?’ என்று கேட்க முடியாது. செயப்படுபொருள் குன்றிய வினை, அதற்குப் பாசிவே கிடையாது. ‘எதைக் கொண்டுவந்தார்கள்?’ என்று கேட்கலாம்: தேக்கை. அதனால் ‘விச் வாஸ் பிராட்’ செல்லும். ‘ஹேப்பன்’, ‘டை’, ‘அரைவ்’ எல்லாம் ‘கம்’ கூட்டம்தான். ‘தி ஆக்சிடென்ட் விச் வாஸ் ஹேப்பண்ட்’ என்று எழுதித்தான் நம் பிள்ளைகள் மார்க்கை விடுகிறார்கள்.

‘விச் வாஸ்’ஸை விட்ட இடத்தில் வினையோடு ‘இங்’ சேர்க்கலாமா என்ற குழப்பத்துக்கு, தரைக்கல் செய்கிற ஆத்தங்குடிப் பட்டறையைப் பாருங்கள். கண்ணாடித் தகட்டில் அச்சை வைத்து வண்ணக் கலவையை ஊற்றிக்கொண்டிருக்கும்போது அந்தக் கல் ‘தி டைல் பீயிங் மேட்’. காய்ந்து அடுக்கில் இருப்பது ‘தி டைல் மேட் ஹியர்’. ஊற்றுகிறவர் ‘தி மேன் மேக்கிங் தி டைல்’. கல்லுக்கு ‘மேக்கிங்’ போட்டால் கல்லே உட்கார்ந்து வேலை பார்க்கிறது என்றாகிவிடும்.

‘விச்’ தப்பு, ‘தட்’தான் சரி என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு: நான் சொன்னவற்றில் ‘இன் விச்’ தவிர மற்ற இடங்களில் இரண்டும் செல்லும். கமா போட்டுக் கூடுதல் தகவலாகச் சொல்லும்போதும் ‘தட்’ வராது.

கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்கிறேன். அந்த வீடாவது நிற்கிறது. அதே தெருவில் பங்காளிகளுக்குள் ஒத்துப்போகாமல் ஒரு வீட்டைப் பிரித்து, தூண்களைப் பழைய சாமான் கடையில் விற்றுவிட்டார்கள். விடுதிக்காரர்கள் தங்கள் முகப்புக்கு ஒரு ஜோடி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். போர்டு எழுதின எனக்கு மட்டும் மதியச் சாப்பாட்டோடு சரி, காசு இன்னும் வரவில்லை.