டேபிள் மேல ஒரு காந்தம்: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல, ஆபீஸ் டேபிள்ல வெச்சு உருட்டுற மேக்னெட் பொம்மையெல்லாம் பெரியவங்க ஏன் வாங்குறாங்கன்னு ஒருத்தர் கேட்டிருந்தாரு, நான் ரெண்டே வரியில பதில் சொல்லி முடிச்சிட்டேன். அதுக்கப்புறம் வேலூரு, ராணிப்பேட்டை, குடியாத்தம்னு நம்ம பக்கத்துல இருந்து அதே விஷயமா கேள்வி வந்துட்டே இருக்கு, அதனால இந்த வாரம் முழுக்க காந்தம்தான்.

நான் சத்துவாச்சாரியில ஒரு ஆடிட்டர் ஆபீஸ்ல இருக்கேன், வயசு 43. ரெண்டு தகடு இருக்குற மேக்னெட் ஸ்லைடர் ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், கணக்கு பாக்கும்போது ஒரு கை அது பாட்டுக்கு தள்ளிட்டே இருக்கும். வீட்டுக்கு எடுத்துட்டு வந்தா அம்மா "இன்னாடா இது, சின்ன புள்ளையாட்டம்"ன்றாங்க. இது கெட்ட பழக்கமா சார்?

இல்லவே இல்ல சார். அந்த ஸ்லைடர்ல என்ன நடக்குதுன்னு கொஞ்சம் கிட்ட போய் பாருங்க. ஒவ்வொரு தகட்டுக்குள்ளயும் சின்ன சின்ன காந்தம் வரிசையா இருக்கு, மேல் தகட்ட கட்டைவிரலால தள்ளுனா மொதல்ல வராம அடம் புடிக்கும், கொஞ்சம் அழுத்துனா பாதி வழியில இழுவை மாறி அதுவே ஓடிப்போயி அடுத்த இடத்துல டக்னு உக்காரும். நீங்க தள்ளுனது பாதி தூரம்தான், மீதிய அது பாத்துக்குது. கைக்கு அந்த மாற்றம்தான் ருசி. கண்ணுல எதுவும் தெரியாது, ஸ்ப்ரிங் கிடையாது, பல்சக்கரம் கிடையாது, ஆனா எதுவோ உள்ள இருந்து பதில் சொல்ற மாதிரி இருக்கும்.

அந்த திடீர் இழுவைக்கு காரணம் இருக்கு. ரெண்டு சின்ன காந்தம் ஓரளவு தள்ளி இருக்கும்போது, தூரம் ரெண்டு மடங்கு ஆனா இழுவை கிட்டத்தட்ட 16-ல ஒரு பங்காயிடும். திருப்பி பாத்தா, கிட்ட கொண்டு போகப் போக சும்மா கிடந்தது படார்னு புடிச்சிக்கும். நம்ம கை தினமும் தொடுற வேற எந்த சாமானும் இப்படி நடந்துக்காது, அதனால எத்தன தடவ பண்ணாலும் விரலுக்கு அது புதுசாவே இருக்கு.

அம்மாகிட்ட ஒண்ணு கேளுங்க, பல்லாங்குழி ஆடும்போது கையில எடுத்த புளியங்கொட்டைய குழியில போடாம சும்மா குலுக்கிட்டு யோசிப்பாங்களே, அது எதுக்குன்னு. கை எதையாவது புடிச்சிருந்தா மனசு ஒரு இடத்துல நிக்கும், பல பேருக்கு அப்படித்தான். எனக்கும் போன்ல நீளமா பேசும்போது அது உதவுது. ஒரே ஒரு விஷயம், பக்கத்து சீட்டுல இருக்குறவருக்கு அந்த டக் டக் தலைவலியா இருக்கலாம், அவர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க.

ராணிப்பேட்டையில லெதர் பர்ஸ் தைக்கிற யூனிட்ல இருக்கேன். பர்ஸ் வாய்க்கு வைக்கிற மேக்னெட் பட்டன் ரெண்ட எடுத்து ஒட்டி ஒட்டி எடுக்கிறதே பழக்கமாயிடுச்சு. எங்க சின்ன வயசுல ரேடியோ ஸ்பீக்கர உடைச்சா கருப்பா பெரிய காந்தம் வரும், இப்போ பட்டன் சைஸ்ல இருக்குறது அதைவிட பலமா இழுக்குதே, எப்படிண்ணா?

அந்த கருப்பு காந்தம் ஃபெரைட் தம்பி, இரும்பு ஆக்சைடுல செய்றது. இப்போ உன் பட்டன் மாதிரி சாமான்லயும் டேபிள் பொம்மையிலயும் வர்ற வெள்ளி கலர் காந்தம் நியோடைமியம். நியோடைமியம், இரும்பு, போரான் மூணும் சேர்ந்தது. 1980கள் ஆரம்பத்துல ஜப்பான்ல சுமிடோமோ கம்பெனியில இருந்த மசாட்டோ சகாவாவும், அமெரிக்காவுல ஜெனரல் மோட்டார்ஸ்ல இருந்த ஜான் குரோட்டும் தனித்தனியா கண்டுபுடிச்சாங்க. அதே அளவு ஃபெரைட்ட விட சுமார் பத்து மடங்கு சக்திய அடக்கி வெச்சிருக்கும். பெரியவங்களுக்கான மேக்னெட் பொம்மைனு ஒரு சந்தையே வந்ததுக்கு இதுதான் காரணம், ஃபெரைட்ட வெச்சு பட்டாணி சைஸ்ல செஞ்சிருந்தா யாரு கையும் அதை தேடியிருக்காது.

குடியாத்தத்துல இருந்து எழுதுறேன் அண்ணா. என் தம்பி பெங்களூர்ல வேலை பாக்குறான், லீவுக்கு வரும்போது குட்டி குட்டி மேக்னெட் பால் ஒரு டப்பா கொண்டு வந்தான், 216 இருக்குமாம். அழகா பூ, மோதிரம், கோபுரம்னு செய்றான். எனக்கு 3 வயசு பையன் இருக்கான், எது கிடைச்சாலும் வாயில போடுவான். உயரத்துல வெச்சா போதுமா?

போதாதும்மா. இன்னிக்கே தம்பி பைக்குள்ள போட்டு, அவன் ரூமுக்கே திருப்பி அனுப்பிடு. அவன் மனசு கஷ்டப்படுமேன்னு தயங்காத, அவனும் மாமன்தானே, புரிஞ்சிப்பான்.

அந்த பால் எனக்கும் ரொம்ப புடிக்கும், அதை மறைக்கல. 5 மில்லிமீட்டர் தான் ஒண்ணு, சரமா இழுத்தா வரும், ரெண்டு நுனியையும் கிட்ட காட்டுனா தானா வளையமாயிடும், ஆறுக்கு ஆறுக்கு ஆறுன்னு அடுக்குனா 216-ம் ஒரே கட்டி. ஆனா 216-ல ரெண்டு கீழ உருண்டு பாயில சிக்கிக்கிச்சுன்னா யாரு எண்ணிப் பாப்பா? கட்டில் கால்ல, பீரோ அடியில இரும்பு இருக்குற இடமா பாத்து போய் ஒளிஞ்சிக்கும், பெரியவங்க கண்ணுக்கு படாது, தவழ்ற புள்ள கண்ணுக்குத்தான் படும்.

முழுங்குனா என்ன ஆகும்னு தெரிஞ்சிக்கோ. ஒண்ணு முழுங்குனா பெரும்பாலும் தானா வெளிய போயிடும். ரெண்டு மூணு முழுங்கினா, இல்ல ஒரு காந்தத்தோட வேற இரும்பு சாமான் ஏதாவது போச்சுன்னா, குடல்ல வேற வேற மடிப்புல இருந்து ஒண்ண ஒண்ணு இழுத்து நடுவுல குடல் சுவத்த நசுக்கும். அந்த இடத்துக்கு ரத்தம் போகாம ஓட்டை விழும். மொதல்ல குழந்தை சாதாரணமா விளையாடும், அப்புறம் வாந்தி, வயித்து வலி, காய்ச்சல் வரும், நாமளும் சூடு புடிச்சிருக்கு, கண்டத தின்னிருக்கான்னு நினைச்சிட்டு இருப்போம். அதுதான் எனக்கு பயம். எத்தன முழுங்குனான்னு தெரியலன்னா ரெண்டுக்கு மேலன்னே வெச்சிக்கணும்.

வாழைப்பழம் கொடுத்தா வந்துடும்னு பாட்டிங்க சொல்வாங்க, காந்தத்துக்கு அது வேலைக்கு ஆகாது. வாந்தி எடுக்க வைக்கவும் கூடாது. எதுவும் சாப்பிட கொடுக்காம நேரா எக்ஸ்ரேவும் குழந்தைங்க ஆபரேஷனும் வசதி இருக்குற பெரிய ஆஸ்பத்திரி எமர்ஜென்சிக்கு போயிடு, இல்ல 108-க்கு போடு. நம்ம பக்கத்துக்கு வேலூர் சிஎம்சி இருக்கு. போனதும் மொத வார்த்தையே "மேக்னெட் முழுங்கிட்டான்"னு சொல்லணும், எக்ஸ்ரேயில ரெண்டு பால் ஒட்டிக்கிட்டு ஒண்ணு மாதிரி தெரியலாம்.

அமெரிக்காவுல இதே சாமான் 2009-ல பக்கிபால்ஸ்ங்கிற பேர்ல வந்து சக்கை போடு போட்டுச்சு, பெரியவங்களுக்கு மட்டும்னு டப்பா மேல எழுதியும் குழந்தைங்க முழுங்குனாங்க. 2012-ல அங்க இருக்குற நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கம்பெனி மேல நடவடிக்கை எடுத்துச்சு, 2014-ல விதி கொண்டு வந்தாங்க, 2016-ல கோர்ட் அதை ரத்து பண்ணிச்சு, மறுபடி 2022-ல புது விதி போட்டாங்க. டப்பா மேல எழுதுற எழுத்து புள்ளைய காப்பாத்தாதுன்னு இதுலயே தெரியுது.

இன்னொண்ணு, ஃபேன்ஸி ஸ்டோர்ல காது மூக்கு குத்தாமலே போடுற மேக்னெட் மூக்குத்தி விக்கிறாங்க பாரு, வீட்டுல பள்ளிக்கூடம் போற பொண்ணு இருந்தா அதுவும் வேணாம். மூக்குக்குள்ள இருக்குற காந்தம் நழுவி மேல போனாலும் ஆபத்து, தொண்டைக்கு போனாலும் ஆபத்து.

காட்பாடியில இன்ஜினியரிங் படிக்கிறேன். காத்துல மிதக்குற குளோப் ஒண்ணு ஹாஸ்டல் ஃப்ரெண்ட் டேபிள்ல இருக்கு. அதே மாதிரி நான் ரெண்டு காந்தத்த எதிரெதிரா வெச்சு மிதக்க விட்டா மட்டும் புரண்டு விழுதே?

உன் மேல தப்பே இல்லப்பா. அசையாத நிலைக்காந்தத்த மட்டும் வெச்சு ஒரு காந்தத்த நிலையா மிதக்க விடவே முடியாதுன்னு 1842-லயே எர்ன்ஷாங்கிற இங்கிலாந்து கணித அறிஞர் நிரூபிச்சிட்டாரு. எந்தப் பக்கமாவது நழுவியே தீரும். ஃப்ரெண்டோட குளோப்ல மின்காந்தம் இருக்கு, குளோப் கொஞ்சம் நகந்தாலும் சென்சார் பாத்து கரண்ட்ட கூட்டி குறைச்சிட்டே இருக்கும், பவர் கட் ஆனா டொப்புனு விழும். கரண்ட்டே இல்லாம மிதக்குற லெவிட்ரான் பம்பரம் இருக்கு, அது சுத்துறதால நிக்குது, சுத்து குறைஞ்சா விழுந்துடும். காசு கம்மின்னா ஒரு செப்பு பைப் துண்டும் உள்ள போற சைஸ்ல ஒரு நியோடைமியம் காந்தமும் வாங்கு, மேல இருந்து விடு. செப்பு காந்தத்துல ஒட்டவே ஒட்டாது, ஆனாலும் காந்தம் எண்ணெய்க்குள்ள இறங்குற மாதிரி மெதுவா வரும். காந்தம் நகரும்போது செப்புல கரண்ட் உண்டாகி அந்த நகர்வையே தடுக்கும், அதான் லென்ஸ் விதி; அதை புக்குல படிச்சதுக்கும் இதுக்கும் எவ்வளவு வித்தியாசம்னு நீயே பாரு.

அரக்கோணம். அப்பாவுக்கு பேஸ்மேக்கர் வெச்சிருக்கு. எனக்கு மேக்னெட் பொம்மை வாங்க ஆசை. மேக்னெட் பிரேஸ்லெட் போட்டா பிபி குறையும்னும் ஒருத்தர் சொல்றாரு.

பொம்மை வாங்கலாம், அப்பா நெஞ்சுல இருந்து 15 சென்டிமீட்டராவது தள்ளியே இருக்கணும். சட்டை பாக்கெட்ல போட்டுக்கிட்டு அவரை கட்டிப்புடிக்காதீங்க, அடுத்த செக்கப்ல டாக்டர்கிட்டயும் கேட்டுடுங்க. பிரேஸ்லெட்டால பிபி குறையும்னு எந்த ஆதாரமும் கிடையாது. அதை நம்பி மாத்திரைய நிறுத்துனா ரொம்ப தப்பாயிடும்.

ஆம்பூர். கால் டாக்சி ஓட்டுறேன். சவாரிக்கு காத்திருக்கும்போது வெச்சுக்க ஒரு காந்தம் வாங்கலாமா, டேஷ்போர்டுலயே ஒட்டி வெச்சிடலாம்னு பாக்குறேன்.

வாங்குங்கண்ணே, ஆனா பால் மட்டும் வேணாம், காந்தம் வெளிய வராம முழுக்க உள்ள மூடுன ஸ்லைடரா பாருங்க, பின் சீட்டுல எத்தன குழந்தைங்க ஏறும். டேஷ்போர்டும் வேணாம். சாதாரண நியோடைமியம் சுமார் 80 டிகிரி வரைக்கும்தான் தாங்கும், அதுக்கு மேல போனா பலம் குறைஞ்சிடும், ஆறுனாலும் முழுசா திரும்பாது. நம்ம ஊரு சித்திரை வெயில்ல கண்ணாடி ஏத்தி நிறுத்துன வண்டிய நினைச்சுப் பாருங்க. கதவு பக்கத்து பாக்கெட்ல போடுங்க, மேல நிக்கல் பூச்சு உரிஞ்சு உள்ள துரு தெரிஞ்சா தூக்கி போட்டுடுங்க, அது சீக்கிரம் தூளா உதிரும். பழைய மேக்னெட் பட்டை ஏடிஎம் கார்டு இருந்தா அதுக்கு பக்கத்துல வைக்காதீங்க, சிப்புக்கு ஒண்ணும் ஆகாது, பட்டை அழிஞ்சிடும்.