தபாலா, கூரியரா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: குடியிருப்பவர் ஆறு மாதமாக வாடகை தரவில்லை. நோட்டீஸ் அனுப்ப வேண்டும். பதிவுத் தபாலை நிறுத்திவிட்டதாகச் சொல்கிறார்கள். கூரியரில் அனுப்பினால் செல்லுமா? (சேலம் வாசகர்)

பதிவுத் தபால் ஒழிந்துவிடவில்லை. 2025 செப்டம்பர் 1 முதல் அதை ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள், அவ்வளவுதான். ஆனால் கவுன்ட்டரில் வெறுமனே ‘ஸ்பீட் போஸ்ட்’ என்று சொல்லிவிட்டு வந்துவிடாதீர்கள். ‘ரெஜிஸ்ட்ரேஷனும் வேண்டும்’ என்று கேளுங்கள். கூடுதலாக 5 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும்தான் ஆகும். அப்போதுதான் உறையில் பெயருள்ளவரிடம் கொடுக்க வேண்டிய தபாலாக அது போகும்; வாசலில் நிற்கும் யாரோ ஒருவர் கையில் போய்ச் சேராது.

கூரியரில் அனுப்பிய நோட்டீஸ் செல்லாது என்று நான் சொல்லவில்லை. உயர் நீதிமன்றம் அங்கீகரித்த கூரியர் வழியாகச் சம்மன் அனுப்ப 2002 முதலே உரிமையியல் நடைமுறைச் சட்டம் இடம் தருகிறது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. சரியான முகவரி எழுதி, கட்டணம் கட்டி, பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டால், அது போய்ச் சேர்ந்ததாகவே 1897ஆம் ஆண்டின் பொதுப் பிரிவுகள் சட்டம், 27ஆம் பிரிவு எடுத்துக்கொள்கிறது. ‘எனக்கு வரவில்லை’ என்பவர்தான் அதை நிரூபிக்க வேண்டும். கூரியரில் அனுப்பினால் அந்தச் சுமை உங்கள் தலையில் விழுந்துவிடலாம். ரசீதையும் நோட்டீஸின் நகலையும் பத்திரப்படுத்துங்கள். டிராக்கிங் விவரம் இணையத்தில் நெடுநாள் இருக்காது, டெலிவரி ஆன அன்றே பிரின்ட் எடுத்துவிடுங்கள்.

கேள்வி: வீட்டில் முறுக்கு, அப்பளம் செய்து விற்கிறேன். 2 கிலோ பெட்டிக்கு 5 கிலோ கட்டணம் போடுகிறார்கள். ஏமாற்றுகிறார்களா? (காரைக்குடி வாசகி)

இல்லை அம்மா. அது ‘வால்யூமெட்ரிக் வெயிட்’ கணக்கு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, பெரும்பாலும் 5000 ஆல் வகுப்பார்கள். 40, 30, 20 அளவுள்ள பெட்டி என்றால் 4.8 கிலோ. நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் காசு. பெட்டியைச் சின்னதாக்கினால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அப்புறம், எல்லாப் பார்சலையும் ஒரே இடத்தில் கொடுக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. சென்னை, கோவை, பெங்களூரு ஆர்டர்களுக்குக் கூரியர் நல்லது. வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்வார்கள், இரவு நேரத்திலும் புக்கிங் இருக்கும். மலைக்கிராமம், கடைக்கோடி ஊர் என்றால் முதலில் பின்கோடைப் பாருங்கள். ‘சர்வீஸ் இல்லை, ஆபீசுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று கூரியரில் சொல்லிவிட்டால் வாடிக்கையாளர் மறுபடி வாங்க மாட்டார். அங்கெல்லாம் தபால்தான்.

கேள்வி: இத்தனை கூரியர் கம்பெனிகள் வந்த பிறகும் தபால் நிலையங்களுக்கு எதற்கு அரசு செலவு செய்ய வேண்டும்? மூடிவிட்டால் என்ன? (திருப்பூர் வாசகர்)

மூடக் கூடாது என்பதுதான் என் உறுதியான கருத்து. நாட்டில் சுமார் 1.64 லட்சம் தபால் நிலையங்கள் இருக்கின்றன. பத்தில் ஒன்பது கிராமத்தில். கூரியர் கிளை எங்கே திறக்கும்? சரக்கு நிறையப் புழங்கும் இடத்தில். அது தவறே இல்லை, வியாபாரம் அப்படித்தான் நடக்கும். ஆனால் ஒரு நாளைக்கு நாலே கடிதம் வருகிற ஊருக்கும் யாராவது போக வேண்டுமே. அமேசான் கூட 2013 முதல் தபால் துறையோடு சேர்ந்து பார்சல் கொடுத்து வருகிறது.

போட்டியால் தபால் துறைக்கு நன்மையும் கிடைத்திருக்கிறது. 1986இல் ஸ்பீட் போஸ்ட் வந்தபோதே தனியார் கூரியர்கள் களத்தில் இருந்தார்கள். அப்போதிருந்த 1898ஆம் ஆண்டு அஞ்சல் சட்டப்படி கடிதம் கொண்டுபோகும் உரிமை அரசுக்கு மட்டும்தான் இருந்தது. அதனால் கூரியர்காரர்கள் கடிதம் என்று சொல்லாமல் ‘டாக்குமென்ட்’ என்று எழுதி வாங்கினார்கள். 2024 ஜூன் 18இல் நடைமுறைக்கு வந்த புதிய அஞ்சல் சட்டத்தில் அந்தத் தனியுரிமையே இல்லை. இனி தபால் துறை பழைய பெயரை வைத்துக் காலம் தள்ள முடியாது. மத்தியானமே கவுன்ட்டரை மூடுவதும், போன் எடுக்காததும் மாறியே ஆக வேண்டும்.

கேள்வி: 18,000 ரூபாய்ப் பட்டுப்புடவையைக் கூரியரில் தொலைத்துவிட்டார்கள். ரசீதின் பின்பக்கம் ‘100 ரூபாய்தான் பொறுப்பு’ என்று அச்சிட்டிருக்கிறது. (ஆரணி வாசகி)

படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. 1996இல் இதே மாதிரி ஒரு வழக்கில், அனுப்பியவர் கையெழுத்துப் போட்ட சீட்டில் இழப்பீட்டு வரம்பு இருந்ததால் அது அவரைக் கட்டுப்படுத்தும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆகவே முதல் கேள்வி: அந்தச் சீட்டில் நீங்கள் கையெழுத்துப் போட்டீர்களா? போடவில்லை, பொடி எழுத்து நிபந்தனையை யாரும் சொல்லவும் இல்லை என்றால் உங்கள் பக்கம் வலுவாக இருக்கிறது. எழுத்தில் புகார் கொடுங்கள், 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள், அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போங்கள். இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும்.

தபாலிலும் இன்ஷூரன்ஸ் செய்யாத பார்சல் தொலைந்தால் கிடைப்பது சொற்பம்தான். விலை உயர்ந்த பொருளுக்கு எங்கே கொடுத்தாலும் மதிப்பை எழுதி இன்ஷூரன்ஸ் போடுங்கள்.

கேள்வி: சிறு பதிப்பகம் நடத்துகிறேன். பதிவுப் புத்தக அஞ்சலை நிறுத்திய பிறகு கட்டுப்படி ஆகவில்லை. (மதுரை வாசகர்)

2025 மே 1 முதல் புத்தகங்களுக்கென்றே ‘கியான் போஸ்ட்’ என்ற தபால் சேவை இருக்கிறது. 300 கிராம் வரை 20 ரூபாய், 5 கிலோவுக்கு 100 ரூபாய், வரி தனி. டிராக்கிங்கும் உண்டு. தரைவழியில் போவதால் கொஞ்சம் தாமதமாகும். புத்தகத்தில் அச்சகத்தார் அல்லது பதிப்பாளர் பெயர் இருக்க வேண்டும். விளம்பரப் பிரசுரங்களையும் மாத இதழ்களையும் இதில் ஏற்க மாட்டார்கள்.