பவர்பாயிண்டில் 'ஸ்லைடு மாஸ்டர்' என்றால் என்ன? ஒவ்வொரு ஸ்லைடாகத் திருத்தாமல் இருக்க அது உதவுமா?

உதவும். ஸ்லைடு மாஸ்டர் என்பது எல்லா ஸ்லைடுகளுக்கும் பின்னால் இருக்கும் தாய் ஸ்லைடு. எழுத்துரு, நிறம், சின்னம் எல்லாவற்றையும் மற்ற ஸ்லைடுகள் அதனிடமிருந்துதான் எடுத்துக்கொள்கின்றன. 'வியூ' பட்டியலில் இருக்கிறது.

மலேசியாவில் எங்கள் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் லயத்து வீடுகளுக்கெல்லாம் (தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) ஒரே தொட்டித் தண்ணீர் வந்ததை நினைத்துக்கொள்ளுங்கள். தொட்டியில் மருந்து போட்டால் எல்லாக் குழாயிலும் வரும். தனிக் கிணறு வெட்டியவர் வீட்டில் மட்டும் வராது. கையால் நிறம் மாற்றிய ஸ்லைடும் அப்படித்தான், மாஸ்டர் பேச்சைக் கேட்காது. 'ஹோம்' பட்டியலில் 'ரீசெட்' அழுத்தினால் பெரும்பாலும் வழிக்கு வரும்.

கோயில் ஆண்டுக் கூட்டத்துக்காக 40 ஸ்லைடுகளில் ஒவ்வொன்றாகச் சின்னம் ஒட்டி ஓர் இரவைத் தொலைத்தவன் நான். மாஸ்டரில் ஒரு தடவை வைத்திருந்தால் முடிந்திருக்கும்!

அப்புறம் தமிழ் எழுத்துரு. உங்கள் கணினியில் உள்ள எழுத்துரு மண்டபத்துக் கணினியில் இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்கார்ந்து, வரிகள் பெட்டியை விட்டு வழியும். விண்டோஸ் 8 முதல் கூடவே வரும் நிர்மலா யூஐ பாதுகாப்பானது. வடிவம் பிடித்துவிட்டால் 'டெம்ப்ளேட்' ஆக, அதாவது திரும்பப் பயன்படுத்தும் மாதிரிக் கோப்பாகச் சேமியுங்கள், அடுத்த ஆண்டுக்கும் ஆகும்.

சின்னத்தைக் கிளிக் செய்தும் நகரவில்லையே, கோப்பு கெட்டுவிட்டதோ என்று பலர் பயப்படுகிறார்கள். கெடவில்லை, அது மாஸ்டரில் இருக்கிறது, அங்கே போய்த்தான் நகர்த்த வேண்டும்.