‘ஹேங்’ ஆவது சிஸ்டம் மட்டும்தானா?

கேள்வி: பெருங்குடியில் ஒரு அலுவலகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். பில்லிங் சாஃப்ட்வேர் பிடிபடாமல் திணறியபோது, “டோன்ட் வொரி, யூ வில் கெட் த ஹேங் ஆஃப் இட்” என்றார் டீம் லீடர். சிஸ்டம் ஹேங் ஆகும் என்கிறாரோ என்று குழம்பிவிட்டேன். இதற்கு என்ன அர்த்தம்? நான் எப்படிப் பயன்படுத்துவது?

பதில்: அவர் தைரியம்தான் சொல்லியிருக்கிறார். “போகப் போகப் பிடிபட்டுடும்” என்போமே, அதேதான். 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்கப் பேச்சிலிருந்து பரவிய தொடர் இது. செய்து செய்து கைக்கு வரும் வேலைக்கு மட்டுமே பொருந்தும். ஒரு தகவலையோ முகவரியையோ தெரிந்துகொண்டதற்குச் சொல்ல முடியாது.

பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. வெயிலும் கூட்டமும் பழகிவிட்டது என்பதற்கு இது வராது. அதற்கு ‘கெட் யூஸ்டு டு’. சென்னை வெயிலுக்கு உடம்பு பழகும், அதில் கற்க வேண்டிய வித்தை எதுவும் இல்லை. ஆனால் தி.நகர் நெரிசலில் கியர் வண்டியை அணைந்துபோகாமல் நகர்த்துவது வித்தை. கிளட்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டரை மெல்லத் திருகி ஓட்டக் கைவந்துவிட்டால், “ஐ ஹேவ் காட் த ஹேங் ஆஃப் ரைடிங் இன் டிராஃபிக்” என்று தாராளமாகச் சொல்லலாம்.

‘ஆஃப்’புக்குப் பின்னால் பெயர்ச்சொல் வர வேண்டும், அல்லது ‘ரைடிங்’ போல ‘இங்’கில் முடியும் சொல். ‘லேர்ன் டு ரைடு’ என்று சொல்லிப் பழகிய வாய்க்கு ‘ஹேங் டு ரைடு’ என்று வந்துவிடும், அது தவறு. ‘த’வையும் விழுங்கக் கூடாது. ‘கெட் ஹேங் ஆஃப்’ என்றால் காதில் இடறும்.

உச்சரிப்பில், ‘ஹேங்கு’ என்று கடைசியில் உகரம் சேர்ப்பது நம் வழக்கம். ‘மாங்காய்’ என்பதில் ‘ங்’ வரை வந்து நிறுத்திப் பாருங்கள், அந்த ஒலியோடு முடிய வேண்டும். ‘ஆஃப்’ எழுத்தில்தான், வேகமான பேச்சில் ‘அவ்’ என்று தேய்ந்து, ‘ஹேங்-அவ்-இட்’ என ஒரே சொல்லாகிவிடும். டீம் லீடர் சொன்னது சட்டென்று புரியாததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

இன்னும் கற்றுக்கொண்டிருக்கும் உங்களுக்கு உடனே உதவும் வடிவம்: “ஐ ஆம் கெட்டிங் த ஹேங் ஆஃப் இட்”. ஓரளவு வருகிறது, இன்னும் முழுசாக இல்லை என்று நேர்மையாகச் சொல்லிவிடும். எவ்வளவு முயன்றும் வரவில்லை என்றால் “ஐ கான்ட் கெட் த ஹேங் ஆஃப் இட்”. இதைச் சொல்லிவிட்டு எந்தத் திரையில், எந்தக் கட்டத்தில் மாட்டுகிறது என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் உதவி கிடைக்கும்.

இதெல்லாம் கேன்டீனிலும் டீம் சாட்டிலும் சரி. அப்ரைசல் படிவத்திலோ மேலதிகாரிக்கான மெயிலிலோ எழுதாதீர்கள், அங்கே ‘ஐ ஆம் பிகமிங் ஃபெமிலியர் வித் த சாஃப்ட்வேர்’ போதும்.