சமையலறையைப் புதுப்பிக்க மூன்று லட்சம் போதுமா?

கேள்வி: எங்களுடையது 22 வருடப் பழைய வீடு. சமையலறை பத்துக்கு எட்டு அடி. கடப்பா கல் ஷெல்ஃப்தான் இருக்கிறது. சிங்க்குக்கு அடியில் சுவர் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது. புதுப்பிப்பதற்காக 3 லட்சம் சேர்த்து வைத்திருக்கிறேன். மாடுலர் கிச்சனுக்கு 4.25 லட்சம் என்று கொட்டேஷன் வந்திருக்கிறது (நகல் இணைத்துள்ளேன்). மீதிக்கு பர்சனல் லோன் போடலாம் என்கிறார் கணவர். எனக்குப் பயமாக இருக்கிறது. தீபாவளிக்குள் முடிக்கவும் ஆசை. என்ன செய்யலாம்?
– வாசகி, திருச்சி

பதில்: அன்புச் சகோதரி, லோன் வேண்டாம். நீங்கள் அனுப்பிய கொட்டேஷனின் கடைசி வரியைக் கணவரிடம் காட்டுங்கள். ‘ஜிஎஸ்டி தனி’ என்று பொடி எழுத்தில் இருக்கிறது. 18 சதவீதம் என்றால் 76,500 ரூபாய். ஆக, 5 லட்சத்தைத் தாண்டிவிட்டது. இதுவும் அலமாரிகளுக்கு மட்டும்தான். உடைக்கிற கூலி, இடிபாடு அள்ளுகிற வண்டி, குழாய், வயரிங், டைல்ஸ் எதுவும் இதில் இல்லை.

உங்கள் வீட்டில் முதலில் பார்க்க வேண்டியது அந்த ஈரச் சுவர். அதைச் சரிசெய்யாமல் அதன் மேல் மர அலமாரியை மாட்டினால் ஓரிரு மழைக்காலத்திலேயே அடிப்பலகை ஊறி உப்பிவிடும். சுவரை உடைத்துப் பாருங்கள். துருப்பிடித்த இரும்புக் குழாய் என்றால் முழுவதும் மாற்றிவிடுங்கள். புதுக் குழாய் போட்டதும், அழுத்தம் கொடுத்து ஒரு ராத்திரி விட்டுக் கசிவில்லை என்று பார்த்த பிறகுதான் டைல்ஸ் ஒட்ட விட வேண்டும். சிங்க்கை மட்டும் இருக்கிற இடத்திலேயே விட்டுவிடுங்கள். இடம் மாற்றினால் கழிவுநீர்க் குழாய்க்காகத் தரையையும் உடைக்க வேண்டிவரும்.

அப்புறம் வயரிங். 22 வருடத்துக்கு முன் மிக்சிக்கும் கிரைண்டருக்கும் ஒரே பாயிண்ட் போதுமாக இருந்திருக்கும். இன்று ஃபிரிட்ஜ், இண்டக்‌ஷன், தண்ணீர் ஃபில்டர் என்று வரிசையாக நிற்கின்றன. இண்டக்‌ஷனுக்குத் தனி 16 ஆம்ப் பாயிண்ட் அவசியம். சிம்னி இப்போது வேண்டாம், ஜன்னலோடு ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் போதும். பின்னால் சிம்னி வாங்குவீர்கள் என்றால் அதற்கான பாயிண்டையும் புகைக்குழாய்க்கான 6 அங்குல ஓட்டையையும் இப்போதே போட்டு மூடி வைத்துவிடுங்கள்.

மரவேலையில்தான் உங்களால் நன்றாக மிச்சம் பிடிக்க முடியும். கடப்பா கல்லை ஏன் உடைக்கிறீர்கள்? கரையான் அரிக்காது, தண்ணீரில் ஊறாது. நடுவில் இருக்கிற கல்லை அப்படியே வைத்துக்கொண்டு, வெளியே கதவு மட்டும் போட்டால் பார்வைக்கு மாடுலர் மாதிரியே இருக்கும். தட்டு, டம்ளருக்காக அடுப்புக்குக் கீழே மட்டும் இரண்டு மூன்று டிராயர் போதும். கொட்டேஷனில் வெறும் ‘பிளை’ என்றுதான் எழுதியிருக்கிறார்கள். சிங்க் பக்கத்துக்கு ஐ.எஸ். 710 தரப் பலகை (தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட்) என்று எழுதி வாங்குங்கள். கீல், டிராயர் சேனல் என்ன பிராண்ட் என்பதும் தாளில் வர வேண்டும். வாய்வார்த்தைக்கு பில் கிடையாது.

3 லட்சத்தில் 45,000 ரூபாயை முதலிலேயே தனியாக ஒதுக்கிவிடுங்கள். அது இல்லை என்றே நினைத்து, 2,55,000-க்குத் திட்டம் போடுங்கள். பழைய சுவரை உடைத்தால் ஏதாவது கிளம்பாமல் இருக்காது, அதற்குத்தான் அந்தப் பணம். வேலை நடக்கிற நாட்களின் ஹோட்டல் சாப்பாட்டுச் செலவையும் கணக்கில் எழுதுங்கள். நான்கு பேர் உள்ள குடும்பத்தில் அது சின்னத் தொகை இல்லை.

பெரும்பாலும் பட்ஜெட் எகிறுவது “உடைக்கிறதோட உடைக்கிறது, ஹாலுக்கும் டைல்ஸ் மாத்திடலாமே” என்ற ஒரு வாக்கியத்தில்தான். கொத்தனார் சொல்வார், இல்லை மாமியார் சொல்வார், சில சமயம் நாமே சொல்வோம். எதையாவது சேர்க்க ஆசை வந்தால், அதே விலைக்கு வேறொன்றைப் பட்டியலில் அடித்துவிட்டுச் சேர்ப்பது என்று நீங்களும் கணவரும் இப்போதே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

பணத்தையும் வேலை நகர நகரக் கொடுங்கள். பாதிக்கு மேல் அட்வான்ஸ் கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள். பத்தில் ஒரு பங்கை நிறுத்திவைத்து, எல்லாக் கதவும் சரியாக மூடுகிறதா, சிங்க் அடியில் சொட்டவில்லையா என்று இரண்டு வாரம் புழங்கிப் பார்த்த பிறகு கொடுங்கள். டைல்ஸ் வாங்கும்போது அதே பேட்ச்சில் ஒரு பெட்டி கூடுதலாக எடுத்து வையுங்கள். பிறகு போனால் அதே நிறம் கிடைப்பது கஷ்டம்.

தீபாவளி? சரிவராது. அந்தச் சமயத்தில் ஆள் கிடைப்பது கஷ்டம், கிடைத்தாலும் கூலி கூட. ஐப்பசி, கார்த்திகை மழையில் பூச்சும் பெயிண்டும் காயாது. பொங்கல் முடிந்து தையில் ஆரம்பியுங்கள். லோன் போட்டிருந்தால் கட்டியிருக்க வேண்டிய தவணையை அதுவரை மாதாமாதம் எடுத்து வைத்தால், அந்த டிராயர்களுக்கான பணம் அதிலேயே தேறிவிடும்.